பொடியெழுத்தார் குளிக்கிறார்

"இன்னும் இருக்கு" என்றாள் மனைவி.

குளியலறை வாசலில் இடுப்புத் துண்டோடு நின்ற பொடியெழுத்தார் ஒரு கையைத் தூக்கித் தன்னைத்தானே மோந்து பார்த்தார். அவர் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. ஆனால் அவரவர் வாடை அவரவருக்குத் தெரியாது என்று எங்கேயோ படித்திருந்தார். படித்ததை விட்டுவிட்டு மோந்ததை நம்புகிற ஆள் இல்லை அவர்.

"எப்படி இருக்கு? நேத்து மாதிரியேவா, வேற மாதிரியா?"

மனைவி கழுத்தை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, அவர் தோளுக்குப் பக்கத்தில் நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு அந்த மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நேத்து, ரொம்ப நாள் பூட்டி வச்ச அலமாரி. இன்னிக்கு, அணைச்ச மெழுகுவத்தி."

"மெழுகுவத்தியா?"

"கேக் மேல ஊதி அணைப்பாங்களே, அது இல்ல. கரண்டு வந்ததும் அணைப்போமே, அது."

பொடியெழுத்தாரின் புருவம் ஏறியது. "அப்ப கொழுப்பு அமிலம், மெழுகுவத்தியிலயும் போடறது. இந்த சோப்புல மூணாவது இடத்துல இருக்கு. நான் அப்பவே நினைச்சேன்."

"நினைச்சீங்கல்ல. அப்ப இன்னிக்கும் ஹால்லயே படுத்துக்குங்க."

படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கவில்லை. அதை ஒரு நல்ல அறிகுறியாக அவர் எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் நல்ல அறிகுறி என்று சொல்லிக்கொள்ள அதைத் தவிர வேறொன்றும் இல்லை. வெளியே மழை, விடுவதும் இல்லை, வலுப்பதும் இல்லை என்ற முடிவோடு பெய்துகொண்டிருந்தது. ஹாலில் துவைத்த துணிகள் நாற்காலிகளின் தோளில் தொங்கி, காயாமல் வயதாகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சோபாவில் ஒரு தலையணை, ஒரு போர்வை. இரண்டும் அவருடையவை.

பொடியெழுத்தார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அலுவலகம் வைத்தது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்றாலும் அவருக்குத் தெரியும். தெரிந்து அவருக்கு உள்ளூரப் பெருமைதான். அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவின் மேலாளர். பரிசீலிக்கும் பிரிவு என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தப் பிரிவுக்குள் நுழைந்த விண்ணப்பம் பணமாக வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. பாலிசிப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் பொடியெழுத்து நிபந்தனைகள் எல்லாமே அவருக்கு மனப்பாடம்.

மறுப்புக் கடிதத்தை இரண்டு வரிக்கு மேல் எழுதுவது திறமைக் குறைவு என்பது அவர் கருத்து. விரல் போனவருக்கு, "மீதி விரல்களால் விண்ணப்பத்தில் அழகாகக் கையெழுத்திட்டிருப்பதால் பணித்திறன் பாதிக்கப்படவில்லை" என்று எழுதினார். மூக்கைப் பற்றி முறையிட்ட ஒருவருக்கு, "மூக்கு முகத்திலேயே உள்ளது, இழப்பு ஏதும் இல்லை" என்று எழுதினார். ஏணியிலிருந்து விழுந்து செத்தவரின் மனைவிக்கு எழுதியதுதான் அவரே மெச்சிக்கொண்டது: "மரணம் விழுந்ததால் நேரவில்லை, தரையில் மோதியதால் நேர்ந்தது. தரையைப் பற்றிப் பாலிசியில் குறிப்பு இல்லை."

இதில் சொந்த விரோதம் எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது. விண்ணப்பங்கள் அவர் மேசைக்கு வரும்போதே பெயர் இருக்கும் இடத்தில் கறுப்புத் தாள் ஒட்டித்தான் வரும். முகவரியும் அப்படியே. அவர் கண்ணுக்கு எண் மட்டும் போதும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அவர்தான். "பேரைப் பார்த்தா மனசு இளகும். மனசு இளகினா கை இளகும்" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பார்.

அன்றன்றைக்கு எழுதியதில் சிறந்ததை இரவுச் சாப்பாட்டின்போது மனைவிக்குச் சொல்லிக் காட்டுவதும் வழக்கம். அவள் பொதுவாகச் சிரிக்கவும் மாட்டாள், முகம் சுளிக்கவும் மாட்டாள். ஒரே ஒரு நாள் மட்டும், அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அவர் அவளுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் படுத்து விளக்கை அணைத்த பிறகு, இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"உங்க மேல ஒரு வாடை வருது."

"என்ன வாடை?"

"சொல்லத் தெரியல. ஆனா இதோட ஒரே அறையில படுக்க முடியாது."

அவ்வளவுதான். விளக்கு எரிந்தது, தலையணை ஹாலுக்குப் போனது, பின்னாலேயே அவரும் போனார்.

எந்தப் புகார் வந்தாலும் பொடியெழுத்தார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: பொய் சொல்ல இவருக்கு என்ன லாபம்? அலுவலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனதே இல்லை. சோபாவில் கால் நீட்ட இடமில்லாமல் மடங்கிக் கிடந்தபடி அதே கேள்வியை மனைவியைப் பற்றியும் கேட்டுப் பார்த்தார். பொய் சொல்ல இவளுக்கு என்ன லாபம்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆகவே வாடை உண்மை என்று தீர்மானித்தார்.

கட்டிலில் அவள் எப்போதும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பாள். அந்த முதுகுக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பது ஹாலுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இங்கே மூச்சு விடுவதற்கு ஃபிரிட்ஜைத் தவிர வேறு ஜீவன் இல்லை. அதுவும் அவ்வப்போது ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். அந்த நேரங்களில் பொடியெழுத்தார் கண்ணை விழித்துக் கூரையைப் பார்ப்பார்.

எப்படியாவது அந்த அறைக்குள் திரும்பிப் போய்விட வேண்டும். அதற்கு வாடை போக வேண்டும். வாடை போக, சரியான சோப்பு வேண்டும். சரியான சோப்பைக் கண்டுபிடிக்க, படிக்க வேண்டும். படிப்பதில் அவரை யார் மிஞ்ச முடியும்?

மெழுகுவத்தித் தீர்ப்புக்கு மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு அலமாரி முன்னால் பூதக்கண்ணாடியோடு நின்றார். அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சார், நேத்தும் இதே இடத்துலதான் நின்னீங்க. என்ன தேடறீங்க?"

"உண்மையை."

"அது எந்த கம்பெனி சார்?"

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டிலைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டினார்.

"இதைப் படிச்சிருக்கியாம்மா?"

"முன்னாடி குங்குமப்பூ படம் இருக்கே சார். அதான் எல்லாரும் வாங்கறாங்க."

"படம் முன்னட்டையில இருக்கு. நான் முன்னட்டை படிக்கறதில்ல. பின்னால பாரு. எது அதிகமோ அது முதல்ல வரணும், எது குறைவோ அது பின்னால. இதுதான் விதி. முதல்ல என்ன இருக்கு?"

"தண்ணி."

"எங்க வீட்டுக் குழாய்லயே வருது. அடுத்தது நுரை வர்றதுக்கு. அதுக்கடுத்தது உப்பு, கெட்டியா தெரியறதுக்கு. இங்க பாரு, ஃபினாக்ஸி எத்தனால். கெட்டுப்போகாம இருக்கப் போடறது. இதை நூத்துல ஒரு பங்குக்கு மேல போடமாட்டாங்க. குங்குமப்பூ எங்க நிக்குது?"

"அதுக்கும் பின்னால."

"அப்ப குங்குமப்பூ எவ்வளவு போட்டிருப்பாங்க?"

"தெரியலையே சார்."

"காய்ச்சற அண்டா பக்கத்துல நின்னு குங்குமப்பூன்னு யாரோ ஒருத்தர் சத்தமா சொல்லியிருப்பாங்க. அவ்வளவுதான்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அவளுக்கு இன்னும் ஒரு வண்டிச் சரக்கு அடுக்க வேண்டியிருந்தது. பொடியெழுத்தார் அலமாரியில் இருந்த அத்தனை பின்னட்டைகளையும் ஒப்பிட்டு, பூக்களின் எண்ணெய்கள் அந்தப் பதனப்பொருளுக்கு முன்னால், கௌரவமான இடத்தில் நிற்கும் ஒரு பாட்டிலைக் கண்டுபிடித்தார். மல்லிகை, ரோஜா, லாவெண்டர், இன்னும் பெயர் வாயில் நுழையாத இரண்டு பூக்கள். பணம் கொடுத்துவிட்டு, ஒரு வழக்கை ஜெயித்தவர் போல நடந்து வெளியேறினார்.

அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு அலுவலகம் போனார். அவருடைய உதவியாளருக்கு அலுவலகத்தில் தலையாட்டி என்று பெயர். பொடியெழுத்தார் எது சொன்னாலும் அவன் தலை தானாக ஆடும்.

"ஏம்ப்பா, என் மேல ஏதாவது வாடை வருதா? உள்ளதைச் சொல்லு."

"இல்ல சார். நல்ல மணம் சார்." தலையாட்டியின் கண்ணில் தண்ணீர் கோர்த்திருந்தது.

"போன வாரம் கேட்டேனே, அப்ப?"

"அப்பவும் ஒண்ணும் இல்ல சார். சத்தியமா இல்ல சார்."

வெள்ளிக்கிழமை லீவு கேட்டிருப்பவன் வேறு எப்படிச் சொல்வான்? பொய் சொல்ல இவனுக்கு லாபம் இருக்கிறது. அவன் சாட்சியத்தை அந்த இடத்திலேயே தள்ளுபடி செய்தார்.

மத்தியானத்துக்குள் பிரிவு முழுக்கத் தும்மியது. முதலில் ஒருவர், பிறகு இருவர், பிறகு பஜனை மாதிரி வரிசையாக. ஜன்னலைத் திறந்தார்கள். மழை உள்ளே வந்து இழப்பீட்டு விண்ணப்பங்களை நனைத்தது. பல விண்ணப்பங்களில் கறுப்புத் தாள் ஊறிக் கழன்று பெயர்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன. பொடியெழுத்தார் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். மண்டல மேலாளர் வந்து பார்த்தார், இரண்டு தும்மல் தும்மினார், மூன்றாவது தும்மலுக்கு முன்னால் ஓர் உத்தரவு போட்டார். சாயங்காலத்துக்குள் பொடியெழுத்தாரின் மேசை, பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் ஜன்னலில்லாத அறைக்குப் போய்விட்டது.

வீட்டில் மனைவி மூச்சை இழுத்தாள். யோசித்தாள்.

"மேல பூக்கடை. அடியில செத்த எலி."

"எலியா?"

"சின்ன எலிதான்" என்றாள், ஆறுதல் சொல்வதுபோல.

தப்பு எங்கே என்று பொடியெழுத்தாருக்குப் புரிந்துவிட்டது. வாடையை வாசனையால் மறைக்கப் பார்த்தது பிசகு. வாசனையே இல்லாத சோப்பு வேண்டும். அடுத்த முறை அவர் கடைக்குப் போனபோது மின்சாரம் போயிருந்தது. அரை இருட்டில் பூதக்கண்ணாடி எதையும் பெரிதாக்கவில்லை. அதே பெண் கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"வாசனையற்றதுன்னு போட்டிருக்கு சார்."

"எங்க போட்டிருக்கு?"

"முன்னாடிதான். பெரிய எழுத்துல."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முன்னட்டையை நம்பினார். அதற்கான தண்டனை மறுநாள் காலையிலேயே வந்தது.

"ஈரச் சாக்கு" என்றாள் மனைவி. "அதுக்குள்ள யாரோ குடியிருக்காங்க."

ஈரத்துண்டோடு ஜன்னலோரம் போய்ப் பின்னட்டையைப் படித்தார். கடைசி வரிக்கு முந்தின வரியில், கூச்சப்பட்டுக்கொண்டு நின்றது அந்தச் சொல்: நறுமணப் பொருள். வாசனையற்றது என்றால் வாசனை சேர்க்கவில்லை என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சரக்கின் நெடி தெரியாமலிருக்க இன்னொரு மணத்தைப் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். வாசனை சேர்க்காதது என்று போட்டிருந்தால் அது வேறு. அதிலும், நறுமணப் பொருள் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை சரக்கு இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் தயாரிப்பாளருக்கு இல்லை. பொடியெழுத்தார் கொஞ்ச நேரம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எழுதினவன் மீது அவருக்குக் கோபம் வரவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற மரியாதைதான் வந்தது.

அந்த நாட்களில் வீட்டுக்குள் ஒரே ஒரு விஷயத்தில் அவர் மதிப்பு உயர்ந்திருந்தது. முன்பெல்லாம் சமையலறைப் பக்கம் அவர் எட்டிப்பார்த்தாலே மனைவிக்குப் பிடிக்காது. இப்போதோ பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து, "இது சரியா இருக்கா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்கிறாள். மீன் வாங்கினால் அவர் பக்கம் நீட்டிவிட்டுத்தான் கழுவுகிறாள். படிப்பறிவு கடைசியில் எப்படியும் மதிக்கப்படும் என்று அவர் நினைத்துக்கொண்டார். மீனைப் பற்றிய அவர் தீர்ப்பை அவள் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அவரைப் பற்றிய அவள் தீர்ப்பை அவரும் மறுத்ததில்லை. வேறு பேச்சு எதுவும் அவர்களுக்குள் இருக்கவில்லை.

அடுத்து, கிருமிதான் காரணம் என்று முடிவு கட்டினார். வாடை என்பது வியர்வை அல்ல, வியர்வையைத் தின்னும் கிருமி என்று படித்தார். சிவப்பு நிறத்தில், செங்கல் கனத்தில் ஒரு கிருமிநாசினி சோப்பு வந்தது. அதைக் காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை தேய்த்தார். மூன்றாம் நாள் அவர் கோப்பறையிலிருந்து கழிப்பறைக்கு நடந்து போனபோது நடைபாதையே எழுந்து நின்றது.

தலையாட்டி ஓடிவந்தான். "சார், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா வர்றீங்களா? உடம்புக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்லப்பா. குளிச்சேன்."

"புரியுது சார்" என்றான் தலையாட்டி, எதுவுமே புரியாத துக்கத்தோடு. "வீட்டுல அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"அவதான் கண்டுபிடிச்சதே."

தலையாட்டியின் முகம் வாடியது. அரை மணி நேரத்தில் மேலாளருக்குத் தீராத நோய் என்று அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. நடைபாதையில் எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். மேசையில் ஆப்பிள் பழக்கூடை வந்து உட்கார்ந்தது. மண்டல மேலாளர் கோப்பறை வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்க."

"எனக்கு உடம்புல ஒண்ணும் இல்ல சார்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. அது இருக்கட்டும், உங்க சொந்த பாலிசி நடப்புலதான இருக்கு?"

"இருக்கு சார்."

"நல்லது. ஆனா ஏற்கெனவே இருந்த நோய்க்கு இழப்பீடு கிடையாதுன்னு நீங்களே ஒரு நிபந்தனை எழுதினீங்கல்ல?"

"எழுதினேன் சார்."

"பிரமாதமான நிபந்தனை" என்றார் மண்டல மேலாளர். போகும்போது ஓர் ஆப்பிளை எடுத்துக்கொண்டார்.

கட்டாய லீவில் வீட்டுக்கு வந்தவருக்கு நாள் முழுவதும் மழையைப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. மனைவி அன்றைய தீர்ப்பைச் சொல்லியிருந்தாள்: "தரை துடைச்ச துணி. ஆஸ்பத்திரித் தரை." குளியலறை அலமாரியில் பாட்டில்கள் தோள் உரசி நின்றன. எல்லாவற்றின் முகமும் சுவரைப் பார்த்திருக்க, முதுகு மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் முதலில் தண்ணீர், அடுத்து நுரை. பெயரும் நிறமும் விலையும் மாறினாலும் முதல் நான்கு வரிகள் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. இத்தனை நாளாக ஒரே சரக்கைத்தான் வெவ்வேறு சட்டை போட்டு வாங்கியிருக்கிறார் என்று தோன்றியது.

அன்று மாலை சமையலறையிலிருந்து தீய்ந்த நெடி வந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. ஒரு கை தூரத்தில், அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் அடுப்பை அணைத்தார். தன் மேல் இருக்கும் வெறுப்பில் வீடே எரிந்தாலும் சரி என்று உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. அவளோ சட்டென்று திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தா, இங்க பாரு" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் உள்ள வந்து படுத்துக்கட்டுமா? சுவரோரமா ஒதுங்கிப் படுத்துக்கறேன்."

அவள் பட்டாணியை வைத்துவிட்டு அவரை நெடுநேரம் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்ததுண்டு.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. ஒரு தடவை முடியாதுன்னு எழுதிட்டா, அப்புறம் அது யாருன்னு தெரிஞ்சா, மறுபடி எடுத்துப் பார்ப்பீங்களா?"

"எதை?"

"உங்க ஆபீஸ் விண்ணப்பத்தைத்தான்."

பொடியெழுத்தார் சட்டென்று நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இது. சொதப்பக்கூடாது என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒருக்காலும் மாட்டேன். யாருன்னு பார்க்கக்கூடாதுங்கறதுதான அந்தக் கறுப்புத் தாளோட அர்த்தமே? என் சொந்த வீட்டு ஆளாவே இருக்கட்டும். முடியாதுன்னா முடியாதுதான்."

"அப்படியா?"

"அப்படித்தான்."

அவள் பட்டாணியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாடை இன்னும் இருக்குங்க" என்றாள். "இன்னிக்கு ரொம்பவே."

அன்றுதான் அவர் கடைச் சரக்கையெல்லாம் கைவிட்டார். சமையலறையில் இருக்கும் சாமானுக்குப் பின்னட்டை கிடையாது, ஆகவே ஒளிவுமறைவும் கிடையாது என்று ஒரு புதிய சித்தாந்தம் பிறந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு கிண்ணம், சமையல் சோடா ஒரு கிண்ணம். இரண்டையும் கலந்தபோது சீறிப் பொங்கியது. வீரியம் அதிகம் என்று மகிழ்ந்தார். உண்மையில் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. பொங்கல் அடங்கினதும் வீரியம் போய்விட்டதோ என்ற சந்தேகத்தில் இன்னும் நாலு கரண்டி சோடாவைக் கொட்டி, குழைத்து, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் அப்பிக்கொண்டு, ஊறட்டும் என்று குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். கிருமிநாசினி சோப்பு ஏற்கெனவே உரித்து வைத்திருந்த தோல் அது. முதலில் குறுகுறுத்தது, பிறகு எரிந்தது. வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பல் வலிக்க ஆரம்பித்ததும் எழுந்து தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை தெருமுனை கிளினிக்கில், மேல்சட்டை இல்லாமல் பொடியெழுத்தார் உட்கார்ந்திருந்தார். தோல், தண்ணீரில் ஊறிய சுவரொட்டி மாதிரி அங்கங்கே கழன்று நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, "எதைப் போட்டீங்க?" என்று கேட்டார். பதில் முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மருந்து எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நர்ஸ் மருந்துக் குழாயைத் திறந்தாள். பொடியெழுத்தார் கையை நீட்டினார்.

"கொஞ்சம் குடும்மா. பின்னால என்ன எழுதியிருக்குன்னு பார்த்துக்கறேன்."

"ஒண்ணும் பார்க்க வேண்டாம் சார். கையைத் தூக்குங்க."

தூக்கினார். குளிர்ச்சியாக மருந்து பட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது. இத்தனை நாளில் அவரை ஒருவர் தொடுவது இதுதான் முதல் முறை. அதை உணர்ந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அம்மா கூட வரலையா சார்?" என்றாள் நர்ஸ்.

"உனக்கு என் மனைவியைத் தெரியுமா?"

"தெரியாம என்ன? மழை ஆரம்பத்துல காய்ச்சல்னு வாரக்கணக்கா இங்கதான வந்தாங்க. தனியாவே வருவாங்க, தனியாவே போவாங்க."

அந்த வாரங்கள் பொடியெழுத்தாருக்கு நினைவில் இருந்தன. ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்ட வாரங்கள்.

"சரி சார், எதுக்கு இப்படித் தோலை உரிச்சுக்கிட்டீங்க? அதைச் சொல்லுங்க."

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். வாடையைச் சொன்னார், சோபாவைச் சொன்னார், மெழுகுவத்தி, எலி, சாக்கு எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் சுற்றிக்கொண்டிருந்த துணியை நிறுத்திவிட்டு, குனிந்து அவர் தோளருகே ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள்.

"ஒரு வாடையும் இல்லையே சார். மருந்து வாசனைதான் வருது."

"நீ மரியாதைக்குச் சொல்ற. ஆபீஸ்லயும் அப்படித்தான் சொன்னாங்க." பொடியெழுத்தார் வருத்தத்தோடு புன்னகைத்தார். "நான் யார் பேச்சையும் அப்படியே எடுத்துக்கறவன் இல்லம்மா. பொய் சொல்ல யாருக்கு என்ன லாபம்னு அலசிப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவேன். இதுல என் மனைவி மூக்கை மட்டும்தான் நம்பறேன்."

நர்ஸ் துணியின் நுனியைக் கையில் பிடித்தபடி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அம்மா மூக்கையா? அந்தக் காய்ச்சலோட அவங்களுக்கு வாசனையே அத்துப்போச்சே சார், பூவும் சாக்கடையும் எனக்கு இனிமே ஒண்ணுதான்னு இதே நாற்காலியில உக்காந்துதான் அழுதாங்க; நான்தான் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன், அதையும் எந்தப் புண்ணியவானோ, மூக்கு முகத்துலயேதான இருக்கு, இதுல என்ன இழப்புன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டானாம்."